விருதுச் செய்தியில் ஆய்வும் இடம்பெற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சிறிய மூலக்கூறுகளிலிருந்து புதிய கார்பன் சேர்மங்களைக் கட்டியெழுப்பும் தொகுப்புக் கரிம வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்த ஒருவர் விருது பெற்ற செய்தியைத் தங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் அண்மையில் படித்து மகிழ்ந்தேன். அறிவியல் ஆய்வுக்கு நாளிதழில் இடம் கிடைப்பதே அரிது. கிடைத்ததற்கு முதலில் நன்றி. விருதை வழங்கியவர் பெயர், பரிசுத் தொகை, ஆய்வாளரின் சொந்த ஊர், பெற்றோரின் தொழில், சால்வை போர்த்திய படம் எல்லாம் அச்செய்தியில் இருந்தன. ஆனால் அந்த ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் ஆய்வுக்கூடத்தில் நின்று எதைச் செய்து முடித்தார் என்பதற்கு, 'புதிய கரிமச் சேர்மங்களை உருவாக்கும் ஆய்வு' என்ற ஒற்றைத் தொடருக்கு மேல் ஒன்றும் இல்லை. அவருடைய நெறியாளர் பெயர் கடைசி வரியில், வாழ்த்துத் தெரிவித்தவர்களின் பட்டியலில் வந்தது. மார்கழிக் கச்சேரி ஒன்றுக்கு விமர்சனம் எழுதுபவர், பாடகர் என்ன ராகம் எடுத்தார், எந்தக் கீர்த்தனையை விரித்துப் பாடினார் என்று ஒரு சொல்லும் எழுதாமல், அவருக்குப் பொன்னாடை போர்த்தியவர் யார் என்று மட்டும் எழுதினால் தங்கள் வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்களா? ஆய்வுச் செய்திகளில் மட்டும் இதை நாம் எல்லோரும் பொறுத்துக்கொண்டே வந்திருக்கிறோம்.

வேதியியலைப் பொதுவாசகருக்குச் சொல்ல முடியாது, சொன்னாலும் யாரும் படிக்க மாட்டார்கள் என்று செய்தியாளர்கள் நினைக்கக்கூடும். கல்லூரியில் கரிம வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் இதை நான் ஏற்கவில்லை. முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றில் வெளியாகி, அதே ஆண்டில் ஒரு பரிசையும் பதினோரு ஆண்டுகள் கழித்து நோபல் பரிசையும் பெற்றுத்தந்த ஒரு வேலையை எடுத்துக்காட்டாக வைத்து, எதைச் சொல்ல முடியும், அதைச் சொல்லாமல் விட்டால் யாருக்கு அநீதி நேர்கிறது என்பதை விளக்க விரும்புகிறேன். நம் மேல்நிலை வகுப்பு மாணவர்கள் எல்லோருக்கும் பாடநூல் வழியே தெரிந்த விக்டர் கிரிக்னார்டின் வேலையைத்தான் சொல்கிறேன்.

கிரிக்னார்டு 1871இல் பிரான்சின் ஷெர்பூர் துறைமுக நகரில் பிறந்தவர். கப்பல்களுக்குப் பாய் தைக்கும் தொழிலாளியின் மகன். கணித ஆசிரியராக வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். அதற்காகக் குளூனியில் இருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் அந்தப் பள்ளி மூடப்பட்டதால் லியோன் நகருக்கு வந்தார். கணிதப் பட்டத் தேர்வில் முதல் முறை தோற்று, இராணுவச் சேவையை முடித்துத் திரும்பி, 1894இல்தான் தேர்ச்சி பெற்றார். வேதியியலில் அவருக்கு அப்போது மதிப்பே கிடையாது. நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் வேதியியல் துறையில் சிறியதோர் உதவியாளர் பணியை ஏற்றுக்கொண்டார். அங்கே வேலை செய்யத் தொடங்கிய பின்னரே அந்தத் துறை அவரைப் பிடித்துக்கொண்டது. துறைத் தலைவராக இருந்த ஃபிலிப் பார்பியே அவருக்கு நெறியாளர் ஆனார்.

இனி அவர் செய்த வேலைக்கு வருகிறேன். மருந்தானாலும் நறுமணப் பொருளானாலும் சாயமானாலும், கரிமச் சேர்மத்தின் உடற்கூடு கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்த சங்கிலியும் வளையமும்தான். சிறிய மூலக்கூறிலிருந்து பெரிய மூலக்கூறைக் கட்ட வேண்டுமானால் ஒரு கார்பனை இன்னொரு கார்பனோடு, நாம் விரும்பும் இடத்தில், இணைக்கத் தெரிய வேண்டும். இது சொல்வதற்கு எளிது. பெரும்பாலான சேர்மங்களில் வினைபுரியக்கூடிய கார்பன், குளோரின், புரோமின், ஆக்சிஜன் போன்ற அணுக்களோடு இணைந்திருக்கிறது; அவை எலெக்ட்ரான்களைத் தம் பக்கம் இழுப்பதால் கார்பன் சற்று நேர்மின் தன்மை பெறுகிறது. இரண்டு கார்பனும் நேர்மின் தன்மை கொண்டிருந்தால் ஒன்றை ஒன்று நாடாது. அவற்றுள் ஒன்றையாவது எதிர்மின் தன்மைக்கு மாற்ற வழி வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொகுப்பு வேதியியலாளர்களுக்கு இருந்த பெரிய தடை இதுதான் என்று, மின்சுமையின் மொழியில் அன்று அவர்கள் பேசவில்லை என்றாலும், இன்று நம்மால் சொல்ல முடிகிறது.

உலோகத்தைக் கார்பனோடு நேரடியாக இணைத்தால் இந்தத் தடை நீங்கும். ஆங்கிலேயரான எட்வர்டு ஃபிராங்க்லாந்து 1849இல் துத்தநாகத்தை எத்தில் அயோடைடுடன் சேர்த்துச் சூடாக்கி டைஎத்தில் துத்தநாகத்தைச் செய்தார். அதன் பின் அரை நூற்றாண்டு காலம் இந்தத் துத்தநாகச் சேர்மங்களே இந்த வேலைக்குக் கருவிகளாக இருந்தன. ஆனால் அவை காற்றுப் பட்டவுடன் தாமாகவே தீப்பற்றி எரியக்கூடியவை. காற்றை அகற்றி வேறு வாயுவை நிரப்பிய கலன்களில்தான் அவற்றைக் காய்ச்சி வடிக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டும், மெத்தில் (ஒரு கார்பன் கொண்டது), எத்தில் (இரண்டு கார்பன் கொண்டது) போன்ற சில சிறு அணுத்தொகுதிகளைத் தாண்டி அந்த முறை சிறப்பாக வேலை செய்யவில்லை. துத்தநாகத்துக்குப் பதில் மெக்னீசியத்தைப் பயன்படுத்த ஜெர்மனியிலும் முயன்றார்கள். கிடைத்தவை எதிலும் கரையாத, எளிதில் தீப்பற்றும் திண்மங்களாக இருந்ததால் அந்த வழி பயனற்றது என்று கருதப்பட்டது.

இந்த இடத்தில்தான் நெறியாளரின் பங்கு வருகிறது. பார்பியே மெத்தில் ஹெப்டினோன் என்ற கீட்டோனை (இரு கார்பன்களுக்கு நடுவிலுள்ள கார்பன் ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இணைந்த சேர்ம வகை) வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். எலுமிச்சைப்புல் எண்ணெயில் இயற்கையாகவே இருக்கும் சேர்மம் அது. அதனோடு ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்து ஓர் ஆல்கஹாலைப் பெற அவர் விரும்பினார். துத்தநாகம் அதற்கு உதவவில்லை. ஆகவே மெக்னீசியம், மெத்தில் அயோடைடு, கீட்டோன் மூன்றையும் எளிதில் ஆவியாகும் கரைப்பானான ஈதரில் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். அவர் தேடிய ஆல்கஹால் கிடைத்தது. 1899இல் அதை வெளியிட்டார். துத்தநாகத்தின் இடத்தில் மெக்னீசியத்தை வைத்து இப்படியொரு தொகுப்பைச் செய்துகாட்டிய பெருமை பார்பியேவுடையது. இதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்த வினை ஒருமுறை நடந்தால் மறுமுறை சரியாக நடக்கவில்லை. விளைச்சலும் நிலையாக இல்லை. பார்பியே அதைத் தம் மாணவரிடம் கொடுத்து, ஆராய்ந்து பார்க்கச் சொன்னார். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்த கிரிக்னார்டு அதையே எடுத்துக்கொண்டார்.

கிரிக்னார்டு என்ன செய்தார் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: மூன்றையும் ஒன்றாகப் போடுவதை நிறுத்தினார். முதலில் உலர்ந்த ஈதரில் மெக்னீசியத்தையும் கரிம ஹேலைடையும் (குளோரின், புரோமின் அல்லது அயோடின் இணைந்த கரிமச் சேர்மம்) மட்டும் வினைபுரிய விட்டார். மெக்னீசியம் கரைந்து, இன்று கிரிக்னார்டு வினைப்பொருள் என்று வழங்கும் சேர்மத்தின் கரைசல் உருவாயிற்று. அதன் பிறகே ஆல்டிஹைடையோ (கீட்டோனைப் போன்ற, ஆனால் அந்தக் கார்பனில் ஹைட்ரஜனும் உள்ள சேர்மம்) கீட்டோனையோ அந்தக் கரைசலில் சேர்த்தார். வரிசையை மாற்றியதுதான் வெளிப்பார்வைக்குத் தெரியும் வேறுபாடு. ஆனால் அந்த மாற்றத்துக்குள் ஒரு கணிப்பு இருந்தது. ஃபிராங்க்லாந்து தம் காலத்தில் துத்தநாகச் சேர்மத்தைச் செய்ய நீரற்ற ஈதரையும் பயன்படுத்தியிருந்தார் என்பதைப் பழைய கட்டுரைகளைப் படித்து கிரிக்னார்டு நினைவில் வைத்திருந்தார். பார்பியேவின் குடுவையில் உண்மையாக வேலை செய்வது, இடையில் உருவாகி உடனே செலவாகிவிடும் ஒரு மெக்னீசியச் சேர்மமாக இருக்க வேண்டும். அதைத் தனியே முன்கூட்டிச் செய்துவைத்தால் வினை ஒழுங்காக நடக்கும் என்று அவர் கருதினார். கரைசலைத் தனியே பிரித்தெடுக்கவோ காய்ச்சி வடிக்கவோ தேவையில்லை, துத்தநாகச் சேர்மம்போல் தானே தீப்பற்றும் அச்சமும் இல்லை, செய்த குடுவையிலேயே அடுத்த வினையையும் நடத்தலாம் என்பவை அதனால் கிடைத்த பெரும் நன்மைகள். 1900 மே மாதம் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் இதழில் அவருடைய முதல் கட்டுரை இதைப் பற்றி வெளிவந்தது. 1901இல் லியோனில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து முனைவரானார். அந்த ஆய்வேட்டின் தலைப்பே அமிலங்கள், ஆல்கஹால்கள், ஹைட்ரோகார்பன்கள் ஆகிய மூன்று வகைச் சேர்மங்களின் தொகுப்புக்கு இந்த மெக்னீசியச் சேர்மங்களைப் பயன்படுத்துவதைப் பற்றியது.

இந்த வினை கண்ணெதிரே எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஏனெனில் ஆய்வாளரின் வாழ்க்கை பெரும்பாலும் இத்தகைய காத்திருப்பில்தான் கழிகிறது. முதுநிலை ஆய்வகத்தில் மாணவர்கள் இதைச் செய்யும்போது முந்தைய நாளே கண்ணாடிக் கலன்களைச் சூட்டடுப்பில் வைத்து உலர்த்துவார்கள். ஈதர்ப் புட்டியில் சோடியத்தைக் கம்பியாகப் பிழிந்து போட்டு, எஞ்சிய நீரை அகற்றுவார்கள். உருண்டை அடிக் குடுவையில் மெக்னீசியச் சீவலைப் போட்டு, மேலே குளிர்விப்பானைப் பொருத்தி, அதன் வாயில் கால்சியம் குளோரைடு நிரப்பிய குழாயை மாட்டுவார்கள். காற்றின் ஈரம் உள்ளே போகக் கூடாது. பிறகு புரோமோபென்சீன் கலந்த ஈதரில் கொஞ்சம் விட்டு, ஒரு சிறு அயோடின் துணுக்கைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பல நேரம் ஒன்றும் நடக்காது. உலோகத்தின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு படலம் உடைய வேண்டும். கையால் குடுவையின் அடியை அணைத்துச் சூடு காட்டுவார்கள். கண்ணாடிக் குச்சியால் சீவலை நசுக்குவார்கள். பின்னர் சட்டென்று அயோடினின் பழுப்பு நிறம் மறையும், சீவலைச் சுற்றி நுரை எழும், திரவம் கலங்கும், அடுப்பே இல்லாமல் ஈதர் தானாகக் கொதிக்கத் தொடங்கும். அந்த நொடியில் பனிக்கட்டித் தொட்டியைக் கீழே தயாராக வைத்திருக்காவிட்டால் ஈதர் குளிர்விப்பானைத் தாண்டி வெளியே வந்துவிடும். மழைக்காலத்தில், ஈரம் நிறைந்த நம் ஆய்வகங்களில், இந்த வினை தொடங்காமல் அடம்பிடிப்பதைக் கரிம வேதியியல் படித்த எவரும் அறிவர். ஒரு சொட்டு நீர் போதும். உருவான வினைப்பொருள் நீரோடு சேர்ந்து வெறும் ஹைட்ரோகார்பனாகப் போய்விடும், அன்றைய வேலை வீணாகும்.

இதில் ஈதரின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஈதரில் இருக்கும் ஆக்சிஜன் தன்னிடம் உள்ள எலெக்ட்ரான் இணையைக் கொண்டு மெக்னீசியத்தைப் பற்றிக்கொள்கிறது. மெக்னீசியத்தைச் சுற்றி ஈதர் மூலக்கூறுகள் நிற்பதால்தான் அந்தச் சேர்மம் கரைசலாக இருக்கிறது. மெக்னீசியம் கார்பனைவிட எலெக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம் என்பதால், அதனோடு இணைந்த கார்பன் இப்போது எதிர்மின் தன்மை பெறுகிறது. அதே கார்பன் சற்று முன்பு புரோமினோடு இணைந்திருந்தபோது நேர்மின் தன்மையோடு இருந்தது. இந்தத் தலைகீழ் மாற்றம்தான் கிரிக்னார்டு வினைப்பொருளின் உயிர். ஃபார்மால்டிஹைடோடு சேர்ந்தால் ஓரிணைய ஆல்கஹால், மற்ற ஆல்டிஹைடுகளோடு ஈரிணைய ஆல்கஹால், கீட்டோன்களோடு மூவிணைய ஆல்கஹால், உலர் பனிக்கட்டி என்று நாம் சொல்லும் திண்மக் கார்பன் டைஆக்சைடோடு கார்பாக்சிலிக் அமிலம் என்று நம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் மனப்பாடமாக எழுதும் சமன்பாடுகள் எல்லாம் இந்த ஒரே செய்தியின் விளைவுகள். அதை அறிந்தால் மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

இந்தக் கண்டுபிடிப்பின் பயன் எதுவரை சென்றது என்பதைச் செய்தியாகச் சொல்வதிலும் எந்தக் கடினமும் இல்லை. இங்கிலாந்தில் நாட்டிங்காமில் ஃபிரெடெரிக் கிப்பிங் 1904 முதல் இந்த வினைப்பொருளைக் கொண்டு சிலிக்கனைக் கார்பனோடு இணைக்கும் வேலையைத் தொடங்கினார். இன்றைக்கு வீடுகளில் பயன்படும் சிலிக்கோன் பொருள்களின் வரலாறு அங்கிருந்து வருகிறது. ரோஜா மணம் தரும் ஃபீனைல் எத்தில் ஆல்கஹாலை ஆலைகளில் செய்ய ஒரு காலத்தில் இந்த வினையே பயன்பட்டது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் தமாக்சிஃபென், அறுவைச் சிகிச்சைக்குப் பின் மருத்துவர்கள் எழுதித்தரும் வலிநிவாரணியான டிராமடால் ஆகியவற்றின் தொகுப்பு வழிகளிலும் கிரிக்னார்டு வினைக்கு இடம் உண்டு. 1950களில் ஆன்றி நார்மா ஈதருக்குப் பதிலாக டெட்ராஹைட்ரோஃபியூரானைப் பயன்படுத்தி, அதுவரை செய்ய முடியாத வினைல் வகை வினைப்பொருள்களைச் செய்துகாட்டினார். 1972இல் ஜப்பானில் குமாடாவின் குழுவினரும் பிரான்சில் கொரியுவும் நிக்கல் வினையூக்கியின் துணையோடு இதே வினைப்பொருளை வேறு கரிம ஹேலைடுகளோடு இணைத்தார்கள். இவ்வளவுக்கும் அடிப்படை ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு.

அந்த ஆய்வேடு வெளிவந்த 1901ஆம் ஆண்டிலேயே கிரிக்னார்டுக்குக் காவூர் பரிசு கிடைத்தது. மறு ஆண்டிலும் அதே பரிசும் பெர்த்தலோ பதக்கமும் கிடைத்தன. 1905இல் ஜெக்கர் பரிசு. 1912இல் வேதியியலுக்கான நோபல் பரிசை அவரும் துலூஸ் நகரின் பால் சபாத்தியேவும் பகிர்ந்துகொண்டார்கள். சபாத்தியே, நுண்ணிய தூளாக்கிய உலோகங்களின் முன்னிலையில் கரிமச் சேர்மங்களுக்கு ஹைட்ரஜன் ஏற்றும் முறையைக் கண்டவர். அந்த வேலையில் அவரோடு நெடுங்காலம் உழைத்த பாதிரியார் ழான் பாப்டிஸ்ட் சாந்தரானுக்குப் பரிசில் பங்கு இல்லை. மெக்னீசியத்தை முதலில் கையில் எடுத்த பார்பியேவுக்கும் பங்கு இல்லை. இதைக் குறித்து கிரிக்னார்டுக்கே மனக்குறை இருந்தது. தமக்கு உடனே பரிசு கிடைப்பதைவிட, அந்த ஆண்டின் பரிசைச் சபாத்தியேவுக்கும் சாந்தரானுக்கும் கொடுத்துவிட்டு, சற்றுக் காத்திருந்து பார்பியேவோடு சேர்ந்து தாம் பெறுவதையே விரும்பியிருப்பேன் என்ற பொருளில் நண்பருக்கு அவர் கடிதம் எழுதினார். தம் வினைப்பொருளுக்குத் தம் பெயரைச் சூட்டி எழுதுவதையும் அவர் வழக்கமாகக் கொள்ளவில்லை. 'கலப்புக் கரிம மெக்னீசியச் சேர்மங்கள்' என்றே குறிப்பிட்டு வந்தார்.

இந்தப் பகுதியை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலை என்ன என்பதை விளக்காமல் பரிசை மட்டும் செய்தியாக்கினால், பார்பியே செய்தது எது, கிரிக்னார்டு செய்தது எது என்று வாசகருக்குப் பிரித்தறிய வழியே இல்லாமல் போகிறது. நெறியாளர் தொடங்கிவைத்தார், ஆகவே எல்லாப் பெருமையும் அவருக்கே என்று ஒருவர் சொல்லலாம். மாணவர்தானே செய்தார், நெறியாளர் கையெழுத்து மட்டும் போட்டார் என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டும் தவறு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிவது, 1899இன் கட்டுரையில் மூன்று பொருளும் ஒன்றாகக் கலந்திருந்தன, 1900இன் கட்டுரையில் வினைப்பொருள் தனியே முன்கூட்டிச் செய்யப்பட்டது என்ற விவரம் என் கையில் இருப்பதால்தான். பாராட்டைப் பங்கிடுவதற்கு வேலையைப் பற்றிய விவரமே அளவுகோல். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஸ்காலருக்கும் கைடுக்கும் இடையே எழும் கசப்புகளில் பாதி, யார் எதைச் செய்தார் என்று எங்கும் தெளிவாக எழுதப்படாததால் வருகின்றன என்பது என் கருத்து. நாளிதழ்ச் செய்தி ஒன்று அந்தக் கசப்பைத் தீர்த்துவிடாது என்பதை அறிவேன். ஆயினும் நெறியாளர் எந்தச் சிக்கலைக் கொடுத்தார், மாணவர் அதில் எதை மாற்றினார் என்று இரண்டு வாக்கியம் எழுதினால், அந்த இருவருக்கும் உரியது ஊரறியக் கிடைக்கும்.

வேறு விதமாக முடிந்த ஒரு நிகழ்வும் உண்டு. ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் ஓட்டோ டீல்ஸின் மாணவராக 1926இல் முனைவர் பட்டம் பெற்ற குர்ட் ஆல்டர், 1928இல் தம் ஆசிரியரோடு சேர்ந்து இரண்டு மூலக்கூறுகளைச் சேர்த்துக் கார்பன் வளையம் உருவாக்கும் டையீன் தொகுப்பு முறையை வெளியிட்டார். நோபல் பரிசு வருவதற்கு 1950 வரை ஆயிற்று. ஆனால் இருவருக்கும் சேர்ந்தே வந்தது. வினையும் இருவர் பெயராலேயே டீல்ஸ்-ஆல்டர் வினை என்று வழங்குகிறது. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து செய்த வேலைக்கு அதுவே பொருத்தமான முடிவு என்று நான் எண்ணுகிறேன்.

கிரிக்னார்டின் வாழ்க்கையில் மறைக்கக் கூடாத இன்னொரு பகுதியும் இருக்கிறது. முதல் உலகப் போர் தொடங்கியபோது நோபல் பரிசு பெற்ற அவர் சாதாரணக் கார்ப்பரலாகக் காவல் பணிக்கு அனுப்பப்பட்டார். பிறகு அரசு அவரை ஆய்வுக்கு அழைத்துக்கொண்டது. ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு பற்றியும், கடுகு வாயுவை மிகச் சிறிய அளவிலும் கண்டறியும் முறை பற்றியும் அவர் வேலை செய்தார். அறிவியலாளரின் வாழ்க்கையைச் செய்தியாக்கும்போது இதையும் எழுத வேண்டும் என்பதே என் நிலை. பெருமையை மட்டும் எழுதும் வழக்கம் இளைய வாசகர்களுக்கு நன்மை செய்யாது. போருக்குப் பின் 1919இல் அவர் லியோனுக்குத் திரும்பி, ஓய்வுபெற்ற பார்பியேவின் இடத்திலேயே பேராசிரியராக அமர்ந்து, 1935இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார்.

இனி என் வேண்டுகோளைச் சொல்கிறேன். முனைவர் பட்ட ஆய்வுக்காக விருது பெற்றவரைச் சந்திக்கும் தங்கள் செய்தியாளர், சில கேள்விகளைக் கட்டாயம் கேட்க வேண்டும். எந்த மூலக்கூறைச் செய்ய முயன்றீர்கள், அது எதற்குப் பயன்படும்? உங்களுக்கு முன்பு அதை எப்படிச் செய்தார்கள், அதில் என்ன தொல்லை இருந்தது? நீங்கள் எதை மாற்றினீர்கள்? நெறியாளர் கொடுத்தது எது, நீங்களாகக் கண்டது எது? எது சரியாக வரவில்லை? இந்தக் கேள்விகளை எந்த ஆய்வாளரிடம் கேட்டாலும் முகம் மலர்ந்து பதில் சொல்வார். அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வைவா என்னும் வாய்மொழித் தேர்வை நடத்திய தேர்வாளர்களைத் தவிர, வீட்டார்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆண்டுக்கணக்கில் இரவு நேரங்களில் சிலிக்கா நிரப்பிய கண்ணாடித் தூண் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும் கரைசலைச் சோதனைக் குழாய்களில் பிடித்து, வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று மெல்லிய தகட்டில் தொட்டுவைத்துப் பார்த்து, கடைசியில் கிடைத்த சில மில்லிகிராம் வெள்ளைத் தூளைச் சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவிக்கு வரிசையில் நின்று அனுப்பியவர் அவர். அந்த நிறமாலையில் எதிர்பார்த்த இடத்தில் முகடு தெரிந்த நாளைப் பற்றிச் சொல்லச் சொன்னால் தங்கள் செய்தியாளருக்கு ஒரு முழுப் பத்திக்கு வேண்டிய விவரம் கிடைத்துவிடும்.

மேல்நிலை வகுப்பு மாணவர்களை எண்ணியும் இதைக் கேட்கிறேன். நம் பாடநூலில் கிரிக்னார்டின் பெயர் சமன்பாடுகளுக்கு மேலே தலைப்பாக மட்டும் நிற்கிறது. கணிதத் தேர்வில் தோற்ற ஒருவர், விரும்பாத துறையில் வேலைக்குச் சேர்ந்து, ஆசிரியர் கைவிட்ட ஒரு வினையை எடுத்து, சேர்க்கும் வரிசையை மாற்றிப் பார்த்தார் என்பது அங்கே இல்லை. வேதியியல் என்றால் மனப்பாடம் என்று நம் பிள்ளைகள் நினைப்பதில் வியப்பில்லை. உள்ளூர்க் கல்லூரியில் படித்து ஆய்வில் பரிசு பெற்ற ஒருவர், தாம் என்ன செய்தோம் என்று தமிழில் சொல்வதை நாளிதழில் படித்தால், அவர்களுள் சிலராவது அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

இதற்கு வழி கடினமானதன்று. விருதுச் செய்தியோடு, அந்த ஆய்வாளரே தம் வேலையைப் பற்றி எழுதிய ஒரு சிறு குறிப்பைக் கட்டமாக வெளியிடலாம். பட்டமளிப்பு விழாக் காலங்களில் ஞாயிறு இணைப்பில் வாரம் ஓர் ஆய்வேட்டுக்கு அரைப் பக்கம் ஒதுக்கலாம். கலைச்சொற்களுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பாடநூல்களில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ்ச் சொற்கள் உள்ளன, இல்லாதவற்றை மாணவர்கள் சொல்லும்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம். அத்தகைய குறிப்புகளை அச்சுக்கு முன் படித்து, பிழை இருந்தால் திருத்தித் தருவதற்கு என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பல ஊர்களில் இருக்கிறோம். ஊதியம் எதுவும் வேண்டாம். தங்கள் செய்திப் பிரிவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால், அன்று மாலைக்குள் படித்துத் திருப்பி அனுப்புவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
வேதியியல் பேராசிரியர் (ஓய்வு),
கும்பகோணம்.